மேசைக்கு அடியில் பச்சை விளக்கு

ஜூன் 3

அன்புள்ள தம்பிக்கு,

முதலில் மாப்பிள்ளை என்று அடித்தேன், அழித்தேன். ஐயா என்று அடித்துப் பார்த்தேன், வங்கிக்கு எழுதுவது போல இருந்தது. விவாகரத்துப் பத்திரத்தில் கையெழுத்தாகி மூன்று மாதம் கழித்து மகளின் முன்னாள் கணவரை எப்படிக் கூப்பிடுவது என்று எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை. தம்பி என்றே இருக்கட்டும்.

சுற்றி வளைக்காமல் விஷயத்துக்கு வருகிறேன். நம் செவித்திறன் மையத்தில், பரிசோதனை அறைக் கணினிக்குள் இன்னொரு கணினியை உண்டாக்கிக் கொடுத்தீர்களே, விர்ச்சுவல் மெஷின் என்று, அது பத்து நாளாகத் திறக்கவில்லை. பழைய காது கருவிகளைச் சீரமைக்கும் மென்பொருள் அதற்குள்தான் இருக்கிறது, புதிய கணினியில் அது ஓடாது என்பது உங்களுக்கே தெரியும். திறப்பதற்காக நீங்கள் திரையில் வைத்துப்போன மேனேஜர் என்ற நிரலை அழுத்தினால் ஒரு வட்டம் சுற்றுகிறது. ஒரு நிமிடம் சுற்றிவிட்டு, 'இணைப்புக்கான நேரம் கடந்துவிட்டது' என்கிறது. நானும் விடாமல் அழுத்துகிறேன், அதுவும் விடாமல் அதையே சொல்கிறது.

பஸ் டிரைவர் ஒருவர் வருவாரே, நீங்கள் இருந்தால் உங்கள் பக்கத்திலேயே வந்து உட்காருவாரே, அவருக்கு இருபதாம் தேதி டிப்போவில் காதுப் பரிசோதனை. கருவியோடு கேட்டால் போதும். ஆனால் அவருடைய இடது கருவி இப்போது சரியாக வேலை செய்யவில்லை, அதைச் சீரமைக்காமல் போனால் மனிதரை ஸ்டியரிங்கிலிருந்து இறக்கிவிடுவார்கள். பக்கத்துத் தெருக் கணினிக் கடைக்காரர் வந்து பார்த்தார். "எல்லாத்தையும் அழிச்சிட்டுப் புதுசா போட்டுடலாம் சார்" என்றார், சனிக்கிழமை பதினைந்தாம் தேதி வருகிறேன் என்று சொல்லிப் போயிருக்கிறார். அழித்தால் நாற்பது பேருடைய அளவுகளும் போய்விடும்.

போன் செய்யாததற்கு இரண்டு காரணம். ஊருக்கெல்லாம் காது கருவி மாட்டும் எனக்குப் போனில் பேசினால் பாதி கேட்காது. இன்னொன்று, மகள் முன்மேசையில்தான் இருக்கிறாள், நான் பேசுவது தெருவுக்கே கேட்கும். உங்களுக்கு எழுதுவது அவளுக்குத் தெரியாது.

நான் எதையும் தொடவில்லை.

---

ஜூன் 4

மாமாவுக்கு,

உங்களை வேறு எப்படி அழைப்பது என்று எனக்கும் தெரியவில்லை, தெரிந்துகொள்ளும் எண்ணமும் இல்லை.

முதல் வேலையாக அந்தக் கடைக்காரரை வர வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். எதுவும் கெட்டுப்போகவில்லை. மேனேஜர் ஒரு கதவைத் தட்டிவிட்டு ஒரு நிமிடம் நின்று பார்க்கிறது, உள்ளே இருந்து யாரும் வராததால் திரும்பிவிடுகிறது. அவ்வளவுதான் அந்தச் செய்திக்கு அர்த்தம். நாற்பது பேருடைய அளவுகளும் பத்திரமாக இருக்கும்.

தொலைவிலிருந்து உங்கள் கணினிக்குள் வர எனக்கு ஒரு வழி இருந்தது. கையெழுத்துப் போட்ட அன்று மாலையே அதை நானே அழித்தேன். வேறொருவர் வீட்டுச் சாவியை வைத்திருப்பது சரியில்லை என்று பட்டது. அதனால் நீங்கள்தான் என் கண்ணாக இருந்து பார்த்துச் சொல்ல வேண்டும்.

மூன்று விஷயம் பாருங்கள். கணினிக்குப் பின்னால் உள்ள நீலக் கேபிள் இறுக்கமாக இருக்கிறதா? கணினியின் கடிகாரம் சரியான நேரம் காட்டுகிறதா? உங்கள் மேசைக்கு அடியில், சுவரோரமாக, உள்ளங்கை அளவில் சாம்பல் நிறப் பெட்டி ஒன்று இருக்கும். அதில் பச்சை விளக்கு எரிகிறதா?

புது ஊரில் அறை கிடைத்துவிட்டது. இன்னும் மேசை வாங்கவில்லை, ஒரு அட்டைப்பெட்டியின் மேல் மடிக்கணினியை வைத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்து எழுதுகிறேன். எழுத்துப்பிழை இருந்தால் முதுகுவலியின் கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள்.

---

ஜூன் 6

தம்பி,

கேபிள் இறுக்கமாகத்தான் இருக்கிறது. இழுத்துப் பார்த்ததில் மேசையே கூட வந்தது.

கடிகாரம் பத்து நிமிடம் முன்னால் ஓடுகிறது. அதை முன்னால் வைத்தவன் நான்தான். ஆறு மணிக்குக் கடையை மூடவேண்டும் என்று மகள் ஒற்றைக்காலில் நிற்கிறாள், அதற்காகச் செய்த ஏற்பாடு. நீங்கள் கேட்டதால் சரியான நேரத்துக்கு மாற்றிவைத்தேன். மேனேஜர் மசியவில்லை.

பெட்டி இருந்த இடத்திலேயே இருக்கிறது. விளக்கு எரிகிறது.

டிரைவர் நேற்று வந்தார். கண்ணாடிக் கதவு வழியே பார்த்தாலே அவருக்குக் கேட்கவில்லை என்று தெரிகிறது, எல்லோருடைய உதட்டையும் பார்த்துக்கொண்டு நிற்கிறார். "என்ன சார், கம்ப்யூட்டர் தூங்குதா?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். "தட்டி எழுப்புங்க சார், எனக்கு ரெண்டு வாரம்தான் இருக்கு" என்றார். சிரித்துக்கொண்டுதான் சொன்னார், கை மட்டும் தொப்பியைக் கசக்கிக்கொண்டே இருந்தது.

கடைக்காரரை இன்னும் தடுக்கவில்லை. உங்கள் வழி பலிக்காவிட்டால் எனக்கு வேறு ஆள் வேண்டும் அல்லவா.

---

ஜூன் 8

மாமாவுக்கு,

விளக்கு எரிகிறது என்றால் பெட்டிக்கும் கணினிக்கும் நடுவில் ஏதோ தடுக்கிறது. கணினியில் காவல்காரன் போல ஒரு மென்பொருள் இருக்கும், ஃபயர்வால் என்பார்கள். சில நேரம் அதுவே புதிதாக விதி போட்டுக்கொண்டு நம் ஆளையே உள்ளே விடாது. அதைப் பத்து நிமிடம் நிறுத்திவிட்டு மேனேஜரைத் திறந்து பாருங்கள், பிறகு மறக்காமல் போட்டுவிடுங்கள். எப்படி நிறுத்துவது என்று படம் போட்டு இணைத்திருக்கிறேன்.

அப்போதும் திறக்கவில்லை என்றால், கீழே கொடுத்திருக்கும் ஒற்றை வரியை, கட்டளை அடிக்கும் கறுப்புத் திரையில் அடித்து, வரும் நான்கு வரிகளையும் அப்படியே எழுதுங்கள். சுருக்க வேண்டாம். உங்களுக்குச் சுருக்குவது கைவந்த கலை என்று எனக்குத் தெரியும்.

எழுதக்கூடாது என்றுதான் இருந்தேன். நீதிமன்ற வராந்தாவில் நீங்கள் என்னிடம் பேசியது ஒரே ஒரு வாக்கியம். "இனிமே கடைக்கு வர வேணாம்." ஐந்து வருடம் சனிக்கிழமை தவறாமல் வந்தவனுக்கு அவ்வளவுதானா என்று இருந்தது. உங்கள் மகளோடு எனக்கு ஒத்துப்போகவில்லை. இருவரும் எவ்வளவோ முயன்றும் முடியவில்லை. அதில் யார் மேலும் பழி இல்லை என்று நீதிபதியே எழுதிவிட்டார். உங்களோடு எனக்கு என்ன தகராறு? அதை யாரும் எழுதவில்லை.

அனுப்பலாமா வேண்டாமா என்று இரண்டு முறை படித்துப் பார்த்தேன். அனுப்புகிறேன்.

---

ஜூன் 10

தம்பி,

காவல்காரனை நிறுத்திப் பார்த்தேன், பலனில்லை. மறுபடி போட்டுவிட்டேன்.

கறுப்புத் திரையில் வந்தது இதுதான். நான்கு வரியும் ஒரே மாதிரி. 'சேர வேண்டிய இடத்தை அடைய முடியவில்லை.' 'சேர வேண்டிய இடத்தை அடைய முடியவில்லை.' 'சேர வேண்டிய இடத்தை அடைய முடியவில்லை.' 'சேர வேண்டிய இடத்தை அடைய முடியவில்லை.' சுருக்கவில்லை, பார்த்துக்கொள்ளுங்கள்.

வராந்தா விஷயம். அன்று மகள் எனக்குப் பின்னால் நான்கு படி தள்ளி நின்றாள். நான் நீளமாகப் பேச ஆரம்பித்தால் அழுதுவிடுவேன் என்று பயம். அறுபத்து மூன்று வயதில் நீதிமன்றத்தில் அழுதால் பார்ப்பவர்கள் எனக்குத்தான் விவாகரத்து என்று நினைத்துக்கொள்வார்கள். அதனால் ஒரு வாக்கியத்தோடு முடித்துக்கொண்டேன். அந்த ஒன்று அவ்வளவு முரட்டுத்தனமாக வெளியே வரும் என்று எனக்குத் தெரியாது.

கடைக்காரர் சனிக்கிழமை காலை பத்து மணிக்கு வருகிறாராம். இன்னும் ஐந்து நாள்.

---

ஜூன் 11, காலை

மாமாவுக்கு,

அந்த நான்கு வரிக்கு நன்றி. அவை வேறு மாதிரி வந்திருந்தால் நான் இன்னும் ஒரு வாரம் தேவையில்லாமல் தேடிக்கொண்டிருப்பேன்.

பெட்டி இருந்து, நடுவில் ஏதாவது தடுத்திருந்தால், அந்த வரிகள் 'நேரம் கடந்துவிட்டது' என்று வந்திருக்கும். அடைய முடியவில்லை என்று வந்தால், அந்த முகவரியில் யாருமே இல்லை என்று உங்கள் கணினியே சொல்கிறது என்று பொருள். மாமா, மேசைக்கு அடியில் பெட்டி இல்லை. இருந்தாலும் மின்சாரம் இல்லை. பச்சை விளக்கு எரிய வழியே இல்லை.

கோபமாக எழுதவில்லை. எங்கே இருக்கிறது என்று மட்டும் சொல்லுங்கள்.

நீங்கள் சொல்வதற்கு முன் நானும் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன், அப்போது இருவருக்கும் சரியாகிவிடும். மேனேஜர் தட்டும் கதவு அந்தப் பெட்டிதான். நியாயமாகச் செய்திருந்தால் திறந்துவிடும் அந்த வேலை முழுவதையும் உங்கள் கணினியிலேயே வைத்திருக்க வேண்டும். பெட்டி தேவையே இல்லை. வேகத்துக்காக என்று அன்று உங்களிடம் அளந்துவிட்டேன். நீங்களும் தலையாட்டினீர்கள். அந்தப் பெட்டி என்னுடையது. அது அங்கே இருந்தால் மாதம் ஒருமுறையாவது யாராவது வந்து பார்க்க வேண்டும், அந்த யாராவது நான்தான். வீட்டில் நாங்கள் பேசுவதே குறைந்துபோயிருந்த சமயம் அது. நீங்கள் சத்தம் புகாத அந்தப் பஞ்சுச் சுவர் அறைக்குள் உட்கார்ந்து, காது கேளாதவரிடம் பொறுமையாக ஒரே வார்த்தையை ஏழு தடவை சொல்வதைக் கேட்டுக்கொண்டு பக்கத்தில் இருக்க எனக்குப் பிடிக்கும். நான் இல்லாமல் கடை நடக்கக் கூடாது என்று ஒரு அற்ப ஆசை. ஐந்து வருடம் அதை யாரும் கண்டுபிடிக்கவில்லை.

இப்போது டிரைவர் மாட்டிக்கொண்டிருக்கிறார். இது என் தப்பு.

---

ஜூன் 11, மதியம்

தம்பி,

மகள் சாப்பிடப் போயிருக்கிறாள். அரை மணி நேரம் இருக்கிறது.

பெட்டி இங்கே இல்லை. விளக்கு எரிகிறது என்று எழுதியது பொய். உங்கள் நான்காம் தேதிக் கடிதத்தைப் படித்தவுடனேயே எனக்குத் தூக்கிவாரிப்போட்டது.

மே மாதக் கடைசியில் மகள் மேசையைத் துடைக்கும்போது உங்கள் காப்பிக் குவளை கண்ணில் பட்டது. அன்று முழுவதும் வந்தவர்களிடம்கூடச் சரியாகப் பேசவில்லை. அடுத்த நாள் அவள் வருவதற்கு முன்பே போய், உங்களுடையது என்று தோன்றியதை எல்லாம் ஒரு அட்டைப்பெட்டியில் கட்டினேன். குவளை, இரண்டு சட்டை, குடை, வயர்கள். மேசைக்கு அடியில் கிடந்த அந்தச் சின்னப் பெட்டியையும் பிடுங்கிப் போட்டேன். ஏதோ சார்ஜர் என்று நினைத்தேன். உங்கள் அலுவலகத்தில் புது முகவரி கேட்டு வாங்கி, அதே காலையில் கூரியரில் அனுப்பினேன். அன்றிலிருந்துதான் மேனேஜர் திறக்கவில்லை. நான் இரண்டையும் சேர்த்துப் பார்க்கவே இல்லை.

உங்கள் கேள்வியைப் படித்ததும் விளங்கிவிட்டது. 'நான்தான் பிடுங்கி எறிந்தேன்' என்று எழுத விரல் வரவில்லை. வாயால் ஒரு தடவை உங்களை வெளியே போகச் சொன்னவன், கையாலும் அதையே செய்திருக்கிறேன் என்று ஆகிவிடும் அல்லவா. பார்சல் வந்திருக்கும், பிரித்திருப்பார், அவரே கண்டுபிடித்து எழுதுவார் என்று ஒவ்வொரு நாளும் காத்திருந்தேன். நீங்களோ விடாமல் பச்சை விளக்கை நம்பி எழுதிக்கொண்டிருந்தீர்கள்.

பார்சல் வரவில்லையா? தொலைந்துபோயிருந்தால் அதையும் சொல்லிவிடுங்கள்.

---

ஜூன் 12

மாமாவுக்கு,

வந்தது. மே மாதமே வந்துவிட்டது. நான் பிரிக்கவில்லை.

அனுப்பியவர் இடத்தில் உங்கள் கையெழுத்தைப் பார்த்ததும் உள்ளே கல்யாணப் படங்கள் இருக்குமோ என்று பயம். பிரிக்காமலே மூலையில் வைத்தேன், பிறகு மேசையாக்கிக்கொண்டேன். உங்களுக்கு எழுதிய மூன்று கடிதங்களையும் அதன் மேல் கணினியை வைத்துத்தான் எழுதினேன். நீங்கள் மேசைக்கு அடியில் இருப்பதாகப் பொய் சொன்ன பெட்டி உண்மையில் என் மேசைக்கு உள்ளேயே இருந்திருக்கிறது. நேற்று இதை நினைத்துத் தனியாகச் சிரித்தேன். பக்கத்து அறைக்காரர் வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போனார்.

பிறகு பிரித்தேன். சட்டைகள் தேய்த்து மடித்திருந்தன. குவளைக்குள் துணி அடைத்திருந்தது. வயர்கள் ஒவ்வொன்றையும் தனித்தனியாகச் சுருட்டி நூல் கட்டியிருந்தீர்கள். அந்தச் சாம்பல் பெட்டியை ஒரு துண்டில் சுற்றியிருந்தீர்கள். பிடுங்கி எறிந்தேன் என்று எழுதுகிறீர்கள், மாமா. எறிந்த பொருள் இப்படி வந்து சேராது. நான் கொஞ்ச நேரம் அந்தச் சட்டைகளை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

பெட்டியைத் திருப்பி அனுப்பப் போவதில்லை. வந்து சேர ஒரு வாரம் ஆகும், டிரைவருக்கு அவ்வளவு நேரம் இல்லை. அதோடு, இனி அது அங்கே தேவையும் இல்லை. விர்ச்சுவல் மெஷின் எப்போதும் உங்கள் கணினியில்தான் இருந்தது. அதை நேராகத் திறக்க ஒரு வழி இருக்கிறது. மேனேஜரைத் தொட வேண்டாம். இணைத்திருக்கும் படத்தில் சிவப்பு வட்டம் போட்ட சின்னத்தை அழுத்துங்கள். எந்தக் கணினி என்று கேட்கும். பழைய முகவரியை விட்டுவிட்டு 'இந்தக் கணினி' என்பதைத் தேர்ந்தெடுங்கள். கடவுச்சொல் கேட்கும்.

இங்கேதான் எனக்குச் சங்கடம். கடவுச்சொல், உங்கள் மகள் தினமும் படுக்கப் போகும்போது என்னிடம் சொல்லும் வாக்கியம். 'லைட்டை அணைச்சிட்டு வாங்க.' மறக்காமல் இருக்கும் என்று வைத்தேன், மறக்கவும் இல்லை. ஆங்கில எழுத்தில், இடைவெளி இல்லாமல் அடிக்க வேண்டும். எழுத்து எழுத்தாகத் தனி மின்னஞ்சலில் அனுப்பியிருக்கிறேன். திறந்தவுடன் வேறு ஏதாவது வைத்துவிடுங்கள். எனக்குச் சொல்ல வேண்டாம்.

கடைசியாக, எல்லாவற்றையும் வெளி டிஸ்க்கில் ஒரு பிரதி எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். அதற்குப் பிறகு உங்களுக்கு நான் தேவைப்பட மாட்டேன். அப்படித்தான் ஆரம்பத்திலேயே செய்திருக்க வேண்டும்.

---

ஜூன் 13

தம்பி,

திறந்துவிட்டது. கடைக்காரரை வர வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். மற்றது பிறகு எழுதுகிறேன், டிரைவர் அறைக்குள் உட்கார்ந்திருக்கிறார்.

---

ஜூன் 20

அன்புள்ள தம்பிக்கு,

டிரைவர் தேறிவிட்டார். மதியம் டிப்போவிலிருந்து நேராக இங்கே வந்தார். இரண்டு பக்கமும் கேட்கிறது என்று எழுதிய தாளை என் கையில் கொடுத்துவிட்டு, நான் படித்து முடிக்கும்வரை நின்றார், மறுபடி வாங்கி மடித்துப் பையில் வைத்துக்கொண்டார். "அந்தக் கம்ப்யூட்டர் தம்பிகிட்ட சொல்லிடுங்க சார்" என்றார். முன்மேசையில் மகள் இருக்கிறாள் என்பது அவருக்கு அப்புறம்தான் உறைத்தது. என்ன செய்வதென்று தெரியாமல் அவளுக்கும் ஒரு வணக்கம் வைத்துவிட்டுக் கிளம்பினார்.

அவளுக்கு ஏற்கெனவே தெரியும். பதிமூன்றாம் தேதி நடந்ததை எழுத எனக்கு ஒரு வாரம் ஆகியிருக்கிறது.

உங்கள் கடவுச்சொல்லை ஒரு தாளில் எழுதி வைத்துக்கொண்டு அடித்தேன். மூன்று தடவையும் தப்பு. என் விரல் ஒரே நேரத்தில் இரண்டு எழுத்தைத் தொடும், உங்களுக்குத் தெரிந்ததுதான். "என்னப்பா அவ்வளவு நேரமா அடிக்கிறீங்க?" என்று மகள் உள்ளே வந்தாள். தாளைக் கையால் மூடினேன். கையை நகர்த்திவிட்டுப் படித்தாள். வாய்க்குள் எழுத்துக்கூட்டிப் படித்தவள் பாதியிலேயே நிறுத்திவிட்டாள். என்னை எழுந்திருக்கச் சொல்லி, நாற்காலியில் உட்கார்ந்து, ஒரே தடவையில் தப்பில்லாமல் அடித்தாள். திறந்தது. நாற்பது பேரும் வரிசையாகத் திரையில் வந்து நின்றார்கள்.

"அணைச்சதே இல்ல," என்றாள். "ஒரு நாள் கூட." சிரித்தாளா இல்லையா என்று எனக்குத் தெரியவில்லை. முகத்தைத் திரைப் பக்கமே வைத்திருந்தாள்.

எத்தனை நாளாக எழுதுகிறேன் என்று கேட்டாள். பத்து நாளாக என்றேன். தன்னிடம் ஏன் சொல்லவில்லை என்று கேட்டாள். நான் தாளை மடித்தேன். கோபத்தோடு முன்மேசைக்குப் போய்விட்டாள். அன்று ஆறு மணிக்கு, சரியான ஆறு மணிக்கு, கதவைப் பூட்டும்போது சொன்னாள். "எழுதுங்கப்பா. எனக்குத்தான் அவர் வேணாம்னு ஆச்சு. உங்களுக்கும் வேணாம்னு நான் எப்ப சொன்னேன்?"

எனக்கு முதல் தடவையே நன்றாகக் கேட்டது. இருந்தாலும், கேட்கவில்லை, இன்னொரு தடவை சொல் என்றேன். சொன்னாள்.

புதுக் கடவுச்சொல்லை அவளே வைத்துவிட்டாள். பிரதியும் எடுத்து வைத்தாயிற்று. நேற்று வேண்டுமென்றே கணினியை மூன்று தடவை அணைத்துப் போட்டுப் பார்த்தேன். மூன்று தடவையும் ஒழுங்காகத் திறந்தது. நீங்கள் சொன்னபடிதான், இனி இந்தக் கடை நீங்கள் இல்லாமலே நடக்கும்.

கடைக்கு வாருங்கள் என்று எழுத முடியாது. மகள் எழுதச் சொன்னாளே தவிர வரச் சொல்லவில்லை. அவளுக்கு அது இன்னும் கஷ்டம்தான், நானும் அவசரப்படுத்தப் போவதில்லை. அது எப்போது முடியுமோ அப்போது முடியட்டும்.

கேபிள், கடிகாரம், காவல்காரன் எல்லாம் நலம். உங்களிடம் கேட்க எனக்கு ஒரு சந்தேகமும் மிச்சமில்லை. ஏதாவது ஒரு கோளாறு கிடைக்காதா என்று இன்று காலையில் தேடிக்கூடப் பார்த்தேன், கிடைக்கவில்லை. அதனால் கோளாறு எதுவும் இல்லாமலே எழுதுகிறேன். அங்கே வேளாவேளைக்குச் சாப்பிடுகிறீர்களா? வேலை முடிந்து வந்தால் பேச ஆள் இருக்கிறதா? எனக்குச் சனிக்கிழமைகளில் மதியத்துக்கு மேல் வேலை குறைவு. எழுதினால் அன்றே படிப்பேன்.

உங்கள் மாமா